பேச்சுத் துணைக்கு இடம் விடுங்கள்: முதியோர் குடியிருப்பு நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

முதியோர் குடியிருப்புகளை நடத்தும் நிர்வாகிகளுக்கும், அவற்றைத் திட்டமிட்டுக் கட்டுபவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் குடியிருப்புகளில் ஒன்றில் வாழ்பவள் நான். எந்தக் குடியிருப்பு என்று சொல்லப் போவதில்லை. வெவ்வேறு இடங்களில் வசிக்கும் பழைய தோழிகளோடு தொலைபேசியில் பேசும்போதெல்லாம், சொல்லி வைத்தாற்போல ஒரே குறைகள்தான் வருகின்றன. அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீங்கள் நன்றாகச் செய்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். குளியலறையில் வழுக்காத தரை, கட்டிலருகே அழைப்பு மணி, நள்ளிரவில் கூப்பிட்டாலும் வந்து நிற்கும் செவிலியர், பழுதானால் அன்றைக்கே சரிசெய்யப்படும் மின்தூக்கி. இவற்றில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள நன்றாகக் கற்றிருக்கிறீர்கள். ஆனால் எங்களுக்குப் பேச்சுத் துணை யார் என்பதைப் பற்றி நீங்கள் இன்னும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. மாத நிகழ்ச்சி நிரலை அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் அந்தப் பொறுப்பு தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

பொழுதுபோகாத கிழவியின் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் சமூகத் தொடர்புக்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது. 2025 ஜூன் இறுதியில் வெளிவந்த அதன் அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்களுக்குத் தனிமையோடு தொடர்பு உண்டு என்றும் மதிப்பிட்டது. முதியவர்களில் மூன்றில் ஒருவர்வரை மனிதத் தொடர்பு அற்று வாழ்வதாகவும் அதில் ஒரு கணிப்பு இருக்கிறது. இதற்கு வெகு முன்பே, 2010இல், ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 148 ஆய்வுகளைத் திரட்டி, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்தார்கள். நட்பும் உறவும் வலுவாக உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலங்களின் முடிவில் உயிரோடு இருந்ததற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. எங்கள் ரத்த அழுத்தத்தை வாரம் தவறாமல் குறித்து வைக்கிறீர்கள். அதே அக்கறையை இதிலும் எதிர்பார்க்கிறேன்.

நிகழ்ச்சி நிரலையே எடுத்துக்கொள்வோம். காலையில் உடற்பயிற்சி, மாலையில் சொற்பொழிவு, வாரக் கடைசியில் இசை, மாதம் ஒருமுறை பிறந்தநாள் கூட்டம். எல்லாவற்றிலும் நாங்கள் வரிசையாக நாற்காலிகளில் உட்கார்ந்து முன்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒருவர் பேசுகிறார் அல்லது பாடுகிறார், நாங்கள் கைதட்டுகிறோம். முடிந்ததும் அவரவர் அறைக்குத் திரும்பிவிடுகிறோம். ஒரு மணி நேரம் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தவரின் பெயர் தெரியாமலே திரும்பியவர்கள் எங்களில் எத்தனையோ பேர். வருகைப் பதிவேட்டில் அந்த மாலை பெரிய வெற்றியாகப் பதிவாகியிருக்கும். நிகழ்ச்சிகளை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. சிலவற்றை நானே ஆவலோடு எதிர்பார்க்கிறேன். ஆனால் நட்பு அங்கே பிறப்பதில்லை.

அது பிறப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார். 2018இல் வெளியான அவருடைய ஆய்வின்படி, முன்பின் தெரியாத இருவர் ஓரளவு பழகியவர்களாக ஆவதற்குச் சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். அவர் ஆராய்ந்தது எங்கள் வயதினரை அல்ல என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். புதிதாக ஊர் மாறி வந்தவர்களையும் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்தவர்களையும்தான் அவர் பார்த்தார். ஆனால் நாங்களும் வாழ்ந்த வீட்டை விட்டு, பழகிய தெருவை விட்டு, யாரையும் தெரியாத இடத்துக்கு வந்தவர்கள்தானே? வாரம் ஒரு மணி நேர நிகழ்ச்சியை மட்டும் நம்பினால், 200 மணி நேரம் சேர ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகும். அந்த ஒரு மணி நேரத்திலும் வாய் திறக்க வழியில்லை. எண்பது வயதில் வந்து சேர்பவரிடம் நான்கு ஆண்டுகள் காத்திருக்கச் சொல்வது நியாயமா?

அந்த மணிநேரங்கள் சேர்வது வேறு இடங்களில். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது, செய்தித்தாள் எடுக்கப் போகும்போது, நடைபாதையில் மூச்சு வாங்க நிற்கும்போது, மருந்துக்கு வரிசையில் நிற்கும்போது. யாரும் ஏற்பாடு செய்யாத, தினமும் தானாக நேரும் சந்திப்புகள். இவை நேர்வதும் நேராததும் பெரும்பாலும் கட்டடத்தின் கையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடும்பங்கள் வாழ்ந்த குடியிருப்பில் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் இரண்டு சக ஆய்வாளர்களும் யார் யாருக்கு நண்பர் என்று விசாரித்தார்கள். 1950இல் அதை வெளியிட்டார்கள். அடுத்த கதவுக்காரர்களில் 41 சதவீதம் பேர் நண்பர்களாகக் குறிப்பிடப்பட்டார்கள். அதே மாடியில் கோடிக்குக் கோடி இருந்தவர்களில் 10 சதவீதம்தான். மாடிப்படியின் கீழேயும் தபால் பெட்டிகளின் அருகிலும் வீடு அமைந்தவர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் கிடைத்தார்கள். குணமும் ரசனையும் பிறகுதான். முதலில் வேண்டியது, ஒருவர் முகத்தில் ஒருவர் அடிக்கடி விழிப்பது.

இதைப் படித்தபோது எனக்கு மின்தூக்கி வாசலில் முன்பு கிடந்த பெஞ்சு நினைவுக்கு வந்தது. எங்கள் மாடியில் இருந்த ஒரே பெஞ்சு அது. முழங்கால் வலிக்காரர்கள் இரண்டு நிமிடம் உட்காருவார்கள். இரண்டு நிமிடம் இருபதாகும். யாருக்குத் தூக்கம் வரவில்லை, யாருடைய பேத்திக்கு வேலை கிடைத்தது, எந்த மருத்துவர் பொறுமையாகக் கேட்கிறார், எல்லாம் அங்கேதான் தெரியவரும். பாதையை அடைக்கிறது, பார்வைக்கு அழகாக இல்லை என்று ஒருநாள் அதை எடுத்துவிட்டார்கள். அதன்பின் எல்லோரும் நின்றபடி பொத்தானை அழுத்திவிட்டு, கதவு திறந்ததும் போய்விடுகிறார்கள். தீ விபத்தின்போது வழி வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. இரண்டடி தள்ளிச் சுவரோரம் போட்டிருக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

கூடத்து நாற்காலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் அவை மருத்துவமனைக் காத்திருப்பு அறைபோலச் சுவரை ஒட்டி வரிசையாகக் கிடக்கின்றன. பெருக்கித் துடைக்க அதுதான் வசதி. ஆனால் பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கழுத்தைத் திருப்ப வேண்டும், எங்கள் கழுத்து அவ்வளவு எளிதில் திரும்பாது. எதிர்ச் சுவரில் இருப்பவரோடு பேசக் கத்த வேண்டும். 1950களில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், முதிய பெண்கள் இருந்த ஒரு மருத்துவமனைப் பிரிவில் ராபர்ட் சாமர் என்ற உளவியலாளரும் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவரும் இதே காட்சியைக் கண்டார்கள். நாற்காலிகளைச் சுவரிலிருந்து பிரித்துச் சிறிய மேசைகளைச் சுற்றிப் போட்டார்கள். பழக்க தோஷத்தில் அவை மறுபடி மறுபடி சுவருக்கே போயின. விடாமல் திருப்பிப் போட்டார்கள். சில வாரங்களில் அங்கே பேச்சு கணிசமாகக் கூடியது. செலவு என்று பார்த்தால் சில மேசைகள். இதைவிடச் சுலபமான காரியம் உங்கள் பட்டியலில் வேறு இருக்கிறதா?

இனி சாப்பாட்டுக் கூடத்துக்கு வருகிறேன். எங்கள் வாழ்க்கையின் மையம் அதுதான். அறையை விட்டு வெளியே வராதவர்களும் அங்கே வருவார்கள். புதிதாக வந்த ஒரு பெண்மணியை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருக்கும். நன்றாக உடுத்தி, தலை வாரி, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். காலியாக இருந்த ஒரு நாற்காலியை நோக்கிப் போனார். "அது இன்னொருவருடைய இடம்" என்றார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அது உண்மையிலேயே இன்னொருவருடைய இடம்தான். அடுத்த மேசையிலும் அதே பதில். கடைசியில் சுவரைப் பார்த்திருந்த ஒரு தனி நாற்காலியில் உட்கார்ந்து அவசரமாகச் சாப்பிட்டார். மறுநாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு அறைக்கே போனது. அறைக்கு அனுப்பியதை நிர்வாகம் ஒரு வசதியாகத்தான் நினைத்தது. அங்கே ஒரு மனுஷி காணாமல் போனாள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

புதிதாக வருபவருக்கு முதல் ஒரு மாதம் ஒரு துணையைக் கொடுங்கள். அந்தத் துணை உங்கள் ஊழியராக இருக்கக் கூடாது, எங்களில் ஒருவராக இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அவருடைய அறைக்குப் போய் அழைத்து வந்து, தன் மேசையில் உட்கார வைத்து, நான்கு பேருக்கு அறிமுகம் செய்கிறவர். இதைச் செய்ய ஆசைப்படுபவர்கள் ஒவ்வொரு மாடியிலும் இருக்கிறார்கள், கேட்கத்தான் ஆளில்லை. யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மேசையையும் கூடத்தில் எப்போதும் வைத்திருங்கள். அதற்காக எல்லோரையும் வாரம் ஒருமுறை இடம் மாற்றி உட்கார வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். சில இடங்களில் அப்படிச் செய்து, பல ஆண்டுகளாக ஒன்றாகச் சாப்பிட்டவர்களைப் பிரித்திருக்கிறார்கள். வயது ஏற ஏற மனிதர்கள் வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு மனத்துக்கு நெருக்கமான சிலரோடு மட்டும் இருக்க விரும்புவார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் பல ஆண்டு ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார். மீதமுள்ள காலத்தை யாரோடு கழிப்பது என்று தெரிந்து செய்யும் தேர்வு அது. அந்தச் சிலர் கிடைத்தவர்களை விட்டுவிடுங்கள். கிடைக்காதவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

அதே கூடத்தில் இன்னொரு கொடுமை, இரைச்சல். பளிங்குத் தரை, வெற்றுச் சுவர், உயரமான கூரை, மூலையில் யாரும் பார்க்காத தொலைக்காட்சி. பாத்திரம் வைக்கும் சத்தம் நான்கு பக்கமும் மோதித் திரும்புகிறது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் கால்வாசிப் பேருக்கும் மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைந்திருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காது கேட்கும் கருவி பக்கத்தில் இருப்பவர் குரலோடு கரண்டிச் சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. எனக்கு எதிரே உட்காரும் ஒருவர், மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரிப்பார். ஒரு கணம் தாமதமாக. முகங்களைப் பார்த்து, சிரிக்க வேண்டிய நேரம் இது என்று தெரிந்துகொண்டு சிரிக்கிறார். பெரிய படிப்பாளி. அவரிடம் தனியாக, அமைதியான இடத்தில், முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசினால் நேரம் போவதே தெரியாது. கூடத்தில் அவர் ஊமை.

டிமென்ஷியா என்ற மறதி நோயைத் தடுப்பது பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2020இல் வெளியிட்ட அறிக்கையில், நம்மால் மாற்றக்கூடிய 12 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. செவித்திறன் குறைவும் மனிதத் தொடர்பின்மையும் இரண்டுமே அதில் இருந்தன. 2024இல் பட்டியல் 14ஆக நீண்டபோது பார்வைக் குறைவும் சேர்ந்துகொண்டது. காது கேளாதவர் பேச்சிலிருந்து விலகுகிறார், விலகியவர் தனியாகிறார். ஒன்று மற்றொன்றை இழுத்து வருகிறது. தொலைக்காட்சியை அணையுங்கள். கனமான திரைச்சீலை போடுங்கள், மேசைமேல் துணி விரியுங்கள், நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டுங்கள். எட்டுப் பேர் மேசையை நான்கு பேர் மேசையாக்குங்கள். உதடு பார்த்துப் புரிந்துகொள்பவர்களுக்கு எதிரே இருப்பவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், அதற்கேற்ப விளக்கை அமையுங்கள். கூட்ட அரங்கில், ஒலிவாங்கியின் குரலை நேராகக் காது கேட்கும் கருவிக்கே அனுப்பும் கம்பிச் சுற்று ஒன்றைப் பொருத்துங்கள். அதற்குத் தோதான கருவிகள் எங்களில் பலரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டு இசை நிகழ்ச்சிகளை ரத்து செய்தாவது இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது, எங்கள் கைகளைப் பற்றி. "நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள்? நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." எவ்வளவு அன்போடு இதைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நாள் முழுவதும் இதைக் கேட்டுக்கேட்டு, தன்னால் யாருக்கும் பயனில்லை என்ற முடிவுக்கு ஒரு மனிதர் வந்துவிடுகிறார். மேசையைத் துடைக்கப் போனால் துணியை வாங்கிக்கொள்கிறீர்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் தோட்டக்காரரைக் கூப்பிடுகிறீர்கள். நாற்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவர், கணக்கு எழுதியவர், பிரசவம் பார்த்தவர், இயந்திரம் பழுது பார்த்தவர் எல்லோரும் இங்கே விருந்தாளிகள். ஒருவருக்கொருவர் கைகொடுத்துத்தான் மனிதர்கள் நெருங்குவார்கள். விருந்தாளிகளுக்குள் அந்த நெருக்கம் வருவதில்லை.

1976இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் செய்த ஆய்வு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கலாம். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாள் திரைப்படம் பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் முடிவு என்றார்கள். ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுத்துத் தாங்களே வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றுவது ஊழியர் வேலை. முடிவுகளும் ஊழியர்களுடையவை. மூன்றே வாரங்களில், முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் மற்றவர்களோடு அதிகம் பேசிப் பழகிக்கொண்டும் இருந்தார்கள். ஆய்வு சிறியது, அதனால் செடி வளர்த்தால் ஆயுள் கூடும் என்றெல்லாம் நான் பேச மாட்டேன். ஆனால் எங்கள் நூலக அலமாரியை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட பிறகு அவர் நடையே மாறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள், யார் திருப்பித் தரவில்லை என்று விசாரிக்க அவர் எல்லா மாடிக்கும் போகிறார். இப்போது அவரைத் தெரியாதவர்களே இல்லை.

பார்வை மங்கியவருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது, கைப்பேசி புரியாதவருக்குக் கற்றுத்தருவது, மருத்துவமனைக்குப் போகிறவருக்குத் துணைக்குப் போவது, இவற்றையெல்லாம் எங்களிடம் விடுங்கள். எழுதி ஒட்டிய விதிகளைவிட ஒரு சிறிய வேலை எங்களை அதிகம் சேர்த்துவைக்கும்.

வெளியிலிருந்து வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாணவர்களும் தொண்டு அமைப்புகளும் வருகிறார்கள். ஒரு நாள் வந்து, பரிசு கொடுத்து, கையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். குழந்தைகள் மேல் எனக்கு வருத்தமில்லை. ரிச்சர்ட் ஷூல்ஸ் என்ற ஆய்வாளர் 1976இல் முதியோர் இல்லம் ஒன்றுக்குக் கல்லூரி மாணவர்களை அனுப்பிப் பார்த்தார். எப்போது வருவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்தவர்களும், அதைத் தாங்களே தீர்மானித்தவர்களும் தெம்பாக ஆனார்கள். திடீர் திடீரென்று வந்து போனதில் அந்த அளவு பலனில்லை. அதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. ஆய்வு முடிந்து மாணவர்கள் வராமல் நின்றதும், தெம்பாக இருந்த அதே ஆட்கள்தான் அதிகமாகச் சரிந்தார்கள். பழக்கிவிட்டுப் போவதன் விலை அது. ஐம்பது பேர் ஒரு நாள் வருவதற்குப் பதிலாக ஐந்து பேர் ஆண்டு முழுவதும் வர ஏற்பாடு செய்யுங்கள். நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் ஹுமானிட்டாஸ் என்ற முதியோர் இல்லம், மாதம் 30 மணி நேரம் நல்ல அண்டை வீட்டுக்காரராக இருந்தால் போதும் என்று சொல்லி, மாணவர்களை வாடகையில்லாமல் அங்கேயே குடிவைத்தது. அதே இடத்தில் குடியிருப்பவரிடம் விடைபெற வேண்டிய அவசியமே இல்லை. காலையில் மறுபடி பார்க்கலாம்.

இனி, நீங்கள் பேச விரும்பாத ஒன்றைப் பேசப்போகிறேன். எங்களில் ஒருவர் இறந்தால் நீங்கள் எங்களுக்குச் சொல்வதில்லை.

பின்வாசல் வழியாக, எங்கள் தூக்க நேரத்தில், சத்தமில்லாமல் எடுத்துப் போகிறீர்கள். மறுநாள் கதவில் பெயர்ப்பலகை இருக்காது. திருகாணி இருந்த இரண்டு துளைகள் மட்டும் இருக்கும். "அவர் எங்கே?" என்று கேட்டால், ஊழியர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். எங்களுக்கு அதிர்ச்சியாகிவிடும் என்ற கரிசனம் என்கிறீர்கள். எழுபது, எண்பது, தொண்ணூறு வயது வாழ்ந்தவர்கள் நாங்கள். பெற்றோரை, உடன்பிறந்தவர்களை, வாழ்க்கைத் துணையை, எங்களில் சிலர் பெற்ற பிள்ளையையே வழியனுப்பிவிட்டு வந்திருக்கிறோம். மரணம் எங்களுக்குப் புதிய செய்தி இல்லை. நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் ஒரு வார்த்தையில்லாமல் மறைந்துபோவதுதான் எங்களை உலுக்குகிறது. நாளை எனக்கும் இதுதான் என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறோம். அதன்பின் புதிதாக ஒருவரோடு நெருங்கவே தயக்கம் வருகிறது.

என் தோழி ஒருத்திக்கு அவள் இருக்கும் இடத்தில் நேர்ந்ததைச் சொல்கிறேன். தினமும் மாலையில் அவளோடு சதுரங்கம் ஆடியவர் மருத்துவமனைக்குப் போனார். இறந்ததும் அவருடைய பிள்ளைகள் வந்தார்கள், அறையைக் காலி செய்தார்கள், நிர்வாகம் அவர்களுக்கு ஆறுதல் சொன்னது. என் தோழிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் உறவினர் பட்டியலில் இல்லை. அவருடைய கடைசி ஆண்டுகளில் அவரை மிக நன்றாக அறிந்திருந்தவள் அவள்தான். பாதி ஆடிய ஆட்டம் பலகையில் அப்படியே இருந்தது, துப்புரவு செய்தவர் காய்களை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டார்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. குடும்பத்தின் சம்மதத்தோடு, அன்றைக்கே அறிவியுங்கள். ஒரு படமும் பெயரும் வைக்கக் கூடத்தில் ஓர் இடம் ஒதுக்குங்கள். விடைகொடுக்க விரும்புபவர்கள் வாசல்வரை வந்து நிற்கட்டும். முன்வாசல். சில நாட்கள் கழித்து அவரைத் தெரிந்தவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசட்டும். துக்கம் யாருக்கு என்று பட்டியல் போடும்போது ரத்த உறவோடு நிறுத்தாதீர்கள்.

உயிரோடு இருக்கும்போதே நடக்கும் இன்னொரு பிரிவும் உண்டு. ஒருவருக்கு நடை தளர்ந்தாலோ நினைவு தடுமாறினாலோ பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றுகிறீர்கள். மாற்றத்தான் வேண்டும். ஆனால் நடுவில் ஒரு கதவு, கதவுக்கு ஒரு ரகசிய எண், பார்வை நேரம் என்று ஒரு மணி நேரம். ஒரே கூரைக்கு அடியில் இருந்தும் அவர் வேற்றூர்க்காரராகிவிடுகிறார். அந்தப் பக்கம் போனவரைப் பற்றி இந்தப் பக்கத்தவர்கள் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறோம், அடுத்து நாம்தானோ என்ற பயத்தில் போய்ப் பார்ப்பதையும் குறைத்துக்கொள்கிறோம். அந்தப் பயத்தை வளர்ப்பது அந்தக் கதவு. சக்கர நாற்காலியில் வரக்கூடியவர்களைப் பழைய மேசைக்கே சாப்பிட அழைத்து வாருங்கள். பெயர் மறந்தவருக்கும் பழகிய குரல் கேட்டால் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். கணவன் ஒரு பிரிவிலும் மனைவி ஒரு பிரிவிலும் இருக்க நேர்ந்தால், அவர்களுக்குப் பார்வை நேரம் என்று ஒன்று இருக்கவே கூடாது.

உங்கள் ஊழியர்களைப் பற்றியும் கேட்க வேண்டும். படுக்கை விரிப்பை மாற்ற வரும் பெண் ஐந்து நிமிடம் நின்று பேசினால் மேற்பார்வையாளர் கடிந்துகொள்கிறார். எங்களில் சிலருக்கு அந்த நாளில் யாரோடும் நடந்த ஒரே உரையாடல் அதுதான். அந்த ஐந்து நிமிடத்தை வேலை நேரமாகவே கணக்கிடுங்கள். மாதாமாதம் ஆட்களை மாடி மாற்றுவதையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே முகம் தொடர்ந்து வரும்போதுதான், வழக்கமாக முன்கதவைத் திறந்து வைப்பவர் இன்று மூடி வைத்திருக்கிறாரே என்று கவனிக்க ஆள் இருக்கும்.

தனியாக இருக்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். புத்தகமும் சன்னலும் போதும் என்று நிறைவாக வாழ்பவர்கள். அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து கைதட்ட வைக்காதீர்கள். அதேபோல, சில கூட்டங்கள் புதியவர்களை வேண்டுமென்றே ஒதுக்குவதும் துணையை இழந்தவர்களைத் தம்பதிகள் மெல்லக் கழற்றிவிடுவதும் இங்கே நடக்கின்றன. வயதானவர்கள் விவகாரம் என்று அதைச் சிரித்துக் கடந்துவிடாமல், ஒதுக்கப்பட்டவரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள்.

எத்தனை நிகழ்ச்சிகள், எத்தனை பேர் வந்தார்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதுகிறீர்கள். அதோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குடியிருக்கும் ஒவ்வொருவரிடமும், ஆண்டுக்கு இரண்டு முறை, தனியாக உட்கார்ந்து கேளுங்கள்: "ஒருநாள் நீங்கள் சாப்பிட வராவிட்டால், ஊழியர்களைத் தவிர வேறு யார் உங்கள் கதவைத் தட்டுவார்கள்?" ஒரு பெயராவது சொல்ல முடிந்தவர்கள் எத்தனை பேர், முடியாதவர்கள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். பெயர் சொல்ல முடியாதவர்களின் அறைகளிலிருந்து உங்கள் அடுத்த ஆண்டு வேலையைத் தொடங்குங்கள்.

இதையெல்லாம் எங்களைச் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள். பல குடியிருப்புகளில் குடியிருப்போர் குழு என்று ஒன்று இருக்கிறது. அது குறைகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் கூட்டமாகவே நின்றுவிட்டது. நிகழ்ச்சிகளுக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை அந்தக் குழுவின் கையில் கொடுங்கள். கூடத்தின் மேசை நாற்காலி அமைப்பு, புதியவர்களுக்குத் துணை ஏற்பாடு, இறந்தவருக்கு விடைகொடுக்கும் முறை ஆகிய மூன்றையும் நாங்களே தீர்மானிக்க அனுமதியுங்கள். அடுத்த கூட்டத்தின் பொருள்பட்டியலில் இவற்றை முதலில் வையுங்கள். காது கேளாதவர்களும் கலந்துகொள்ளும்படி, சிறிய அறையில், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அந்தக் கூட்டத்தை நடத்துங்கள். மின்தூக்கி வாசல் பெஞ்சைப் பற்றி நான் அங்கே பேசுவேன்.

இப்படிக்கு,
உங்கள் குடியிருப்பில் வாழும் ஒருத்தி